ஒவ்வொரு பீசுலயும் ஆர்எஃப்ஐடி டேக் போடச் சொல்றாங்க, இதனால நமக்கு என்ன கிடைக்கும்?

நூல்காரி:

வணக்கம்ங்க எல்லாருக்கும். திருப்பூர்ல ஒரு நடுத்தர யூனிட்ல பேக்கிங் செக்ஷனையும் ஷிப்மென்ட் பேப்பரையும் நான் தான் பாத்துக்கறேன், மொத்தம் 140 பேர் வேலை செய்யற இடம். எங்க அமெரிக்க பையர் அடுத்த சீசன்லருந்து ஒவ்வொரு பீசுலயும் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலைல தன் நம்பரைச் சொல்ற சின்ன சில்லு, இருக்கோணும்னு மெயில் போட்டிருக்காங்க. துணில தொங்கற ஹேங் டேக் அட்டைக்குள்ளயே சில்லு ஒட்டி வந்துருமாம், அவங்க சொல்ற சப்ளையர்கிட்ட தான் வாங்கோணுமாம், பொட்டிக்குள்ள இருக்கறதும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒத்துப்போகலைன்னா டெபிட் நோட் (நமக்கு வர வேண்டிய காசுல பிடிச்சுக்கற சீட்டு) வரும்னும் தெளிவா எழுதியிருக்காங்க. எங்க முதலாளி கேட்டது ஒரே கேள்வி, "காசு நம்மளது, பலன் யாருக்கும்மா?" எனக்கு பதில் சொல்லத் தெரியல.

நானா தேடிப் படிச்சதுல ரெண்டு விஷயம் மனசுல நிக்குது. இதைப் பெரிய அளவுல மொதல்ல பண்ணினது கடைக்காரங்க இல்லையாம், அமெரிக்க ராணுவமாம். அப்பறம் அமெரிக்க கடைக் கம்பெனி வால்மார்ட் 2003லயே சப்ளையருங்க எல்லாம் டேக் ஒட்டோணும்னு சொல்லி, கொஞ்ச வருஷத்துல அது அப்படியே அமுங்கிப் போச்சாம். அமுங்கிப் போனது இப்ப ஏன் திரும்ப வருது? இவங்களும் ரெண்டு வருஷத்துல விட்டுட்டா நாங்க வாங்கற, டேக்கைப் படிக்கற ரீடர், டேக் அடிக்கற பிரிண்டர் எல்லாம் என்ன பண்றது?

நேத்து டேக் கம்பெனில இருந்து ஒருத்தர் டெமோ காட்ட வந்தாரு. 48 பீஸ் போட்ட பொட்டியை டேபிள் மேல வெச்சு கைல புடிக்கற ரீடரை நீட்டினாரு, 61னு காட்டுச்சு. பக்கத்து டேபிள்ல பேக்கிங்குக்கு அடுக்கி வெச்சிருந்ததையும் சேத்து எண்ணிருச்சுங்க. அதையெல்லாம் தள்ளி வெச்சுட்டு மறுபடி அடிச்சாரு, இப்ப 46. எங்க செக்கிங் அக்கா டேப்பை கிழிச்சு பொட்டியைக் கொட்டி கையால எண்ணினாங்க, சரியா 48 இருந்துச்சு. கண்ணு முன்னால இப்படி நடந்ததுக்கு அப்பறம் இந்த மிஷினை நம்பி டெபிட் நோட்டுக்கு எப்படி கையெழுத்து போடறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஸ்டோர்_ஹவில்தார்:

அம்மா, நான் துணி வியாபாரம் தெரிஞ்சவன் இல்ல. நம்ம ராணுவத்துல ஸ்டோர்ல 17 வருஷம் இருந்தவன், லெட்ஜரும் பின் கார்டும் (ரேக்ல இருக்கற சரக்குக்கு கணக்கு எழுதற அட்டை) தான் என் வாழ்க்கை. லெட்ஜர்ல 40 ஜோடி பூட்ஸ்னு எழுதியிருக்கும், ரேக்ல எண்ணினா 37 இருக்கும், அந்த மூணு ஜோடி எங்க போச்சுன்னு ராத்திரி பூரா வவுச்சரைப் புரட்டியிருக்கேன். அதனால நீங்க முதல்ல சொன்ன விஷயத்துக்கு, ராணுவம் ஏன் இதுல இறங்குச்சுங்கறதுக்கு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

1990, 91ல குவைத் யுத்தம். அமெரிக்காக்காரங்க சவுதி பாலைவனத்துக்கு அனுப்பினது கிட்டத்தட்ட 40,000 கன்டெய்னர். அதுல 25,000த்துக்கு மேல உள்ள என்ன இருக்குன்னு தெரியாம திறந்து பார்க்க வேண்டியதா போச்சு. எதுல டயர், எதுல மருந்து, எதுல சாப்பாடுன்னு வெளில நின்னு பார்த்தா தெரியாது, காகிதம் காத்துல போயிருக்கும் இல்ல வேற கன்டெய்னர்ல இருக்கும். அங்க குவிஞ்சு கிடந்ததுக்கு இரும்பு மலைன்னே பேரு வெச்சாங்க. இதுல முக்கியமா பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. முன்னால நிக்கற யூனிட்டுக்கு தன் சரக்கு வருமா வராதான்னு தெரியலைன்னா அவன் என்ன பண்ணுவான், சரக்கு கேட்டு எழுதற அதே இன்டென்ட்டை மறுபடி போடுவான், அதுவும் வரலைன்னா மூணாவது தடவையும் போடுவான், அப்ப மூணு மடங்கு சரக்கு கிளம்பி வந்து அதே மலைல சேரும். ஸ்டோர் மேல நம்பிக்கை போச்சுன்னா ஸ்டோரே நிறைஞ்சு மூச்சு முட்டும், இதை சின்ன அளவுல நானே பார்த்திருக்கேன்.

அதுக்கப்பறம் தான் கன்டெய்னர் வெளிப்பக்கம் பேட்டரி வெச்ச டேக் மாட்ட ஆரம்பிச்சாங்க. சாவின்னு ஒரு கலிபோர்னியா கம்பெனியோடது, 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசும், சுமாரா 100 மீட்டர் தூரத்துல இருந்தே படிக்கலாம், உள்ள இருக்கற சாமான் பட்டியலே அதுல எழுதியிருக்கும். துறைமுகம், விமான தளம், டிப்போ வாசல்னு ரீடர் மாட்டினாங்க. இது உங்க ஹேங் டேக்ல வர்ற சின்ன சில்லு மாதிரி இல்ல, கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, விலையும் அதிகம். 2002ல ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ், அந்தப் பகுதிக்கு கமாண்டர், என் பகுதிக்குள்ள வர்ற கன்டெய்னர், பேலட் (பொட்டிகளை அடுக்கற பலகை) எல்லாத்துலயும் டேக் இருந்தாகணும்னு உத்தரவு போட்டாரு.

சரி, 2003ல ஈராக் போனப்ப எல்லாம் ஒழுங்காச்சான்னு கேட்டா, முழுசா ஆகல. அதே வருஷம் டிசம்பர்ல அவங்க தணிக்கை அலுவலகம், ஜிஏஓ, ஒரு அறிக்கை குடுத்துச்சு. அனுப்பினதா கணக்குல இருக்கறதுக்கும் வந்து சேர்ந்ததா யூனிட் ஒத்துக்கிட்டதுக்கும் 120 கோடி டாலர் வித்தியாசம்னு. டேக் போடணும்ங்கற உத்தரவுலயே முடிஞ்ச இடத்துலன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, எல்லாரும் ஒரே மாதிரி போடலை, அதனால பேலட்டைப் பிரிச்சு வகை பிரிக்கற வேலை மறுபடி வந்துச்சுன்னு அந்த அறிக்கையே சொல்லுது. பிரிட்டிஷ்காரங்க கதை இன்னும் வயித்தெரிச்சல். 1999 கொசோவோல இருந்து அவங்க குடுத்த 2,00,000 குண்டு துளைக்காத கவசம் எங்க போச்சுன்னே தெரியலைன்னு அவங்க தேசிய தணிக்கை அலுவலகம் 2003ல எழுதுச்சு, அதே நேரத்துல ஈராக்ல நிக்கற சிப்பாய்ங்களுக்கு கவசம் பத்தலை.

அதனால டேக்கை மட்டும் குத்தம் சொல்லாதீங்க, டேக்கை மட்டும் நம்பவும் நம்பாதீங்க. எழுதறவன் சரியா எழுதணும், ஒவ்வொரு வாசல்லயும் படிக்கணும், படிச்சதை ஒருத்தன் உக்காந்து பார்க்கணும். இந்த மூணுல எது விட்டாலும் 37 ஜோடி தான்.


டல்லாஸ்_தமிழன்:

ஹவில்தார் சார் எழுதினது அப்படியே என் வேலை இடத்துக்கும் பொருந்துது சார், படிச்சதும் உடனே எழுத உக்காந்துட்டேன். நான் இங்க டெக்சாஸ்ல வேர்ஹவுஸ் பக்கம் 20 வருஷமா இருக்கேன், வால்மார்ட் கதை நடந்ததே எங்க ஊரைச் சுத்தி தான்.

கதை ஒரு லிப்ஸ்டிக்ல ஆரம்பிக்குது. கெவின் ஆஷ்டன்னு பிராக்டர் அண்ட் கேம்பிள் ஆள், இங்கிலாந்துல ஒரு பிரவுன் ஷேடு லிப்ஸ்டிக் கடை ஷெல்ஃப்ல எப்பவும் காலியாவே இருக்கறதை கவனிச்சாரு, ஆனா கிடங்குல ஸ்டாக் இருந்துச்சு. ஷெல்ஃப்ல என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியலன்னு யோசிச்சு, 1999ல எம்ஐடிங்கற அமெரிக்க யுனிவர்சிட்டில சஞ்சய் சர்மா கூட சேர்ந்து ஆட்டோ ஐடி சென்டர்னு ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. டேக் விலையை 5 சென்ட்டுக்கு கொண்டு வந்துட்டா எல்லாத்துலயும் ஒட்டலாம்ங்கறது தான் அவங்க கனவு. சில்லுல கொஞ்சமா ஒரு நம்பர் மட்டும் இருந்தா போதும், மத்த விவரமெல்லாம் நெட்வொர்க்ல இருக்கட்டும், அப்ப தான் சில்லு மலிவாகும்ங்கறது அவங்க எடுத்த முடிவு. ராணுவம் போன வழிக்கு இது அப்படியே எதிர், அவங்க டேக்குலயே பட்டியலை எழுதினாங்க, பாலைவனத்துல நெட்வொர்க் இருக்கும்னு நம்ப முடியாதே.

2003 ஜூன்ல வால்மார்ட் சொல்லுச்சு, முதல் 100 சப்ளையரும் 2005 ஜனவரிக்குள்ள பொட்டிலயும் பேலட்லயும் டேக் ஒட்டணும்னு. அமெரிக்க பாதுகாப்புத் துறையும் 2003 அக்டோபர்ல கிட்டத்தட்ட அதே தேதியை வெச்சு கொள்கை அறிவிச்சு 2004 ஜூலைல இறுதியாக்குச்சு, 2005ல இருந்து பென்சில்வேனியால சஸ்குவஹானா, கலிபோர்னியால சான் வாக்கின்னு ரெண்டு பெரிய டிப்போவுக்கு வர்ற பொட்டில பேட்டரி இல்லாத டேக் இருக்கணும்னு. நூல்காரி, அந்த முதல் கட்டப் பட்டியல்ல பேக் பண்ணின சாப்பாடு, ஸ்பேர் பார்ட்ஸ் கூட சீருடைத் துணியும் இருந்துச்சு, துணியை அன்னைக்கே சேத்துட்டாங்க.

2004 ஏப்ரல் 30 அன்னைக்கு டல்லாஸ் பக்கம் சாங்கர்னு ஒரு ஊர் கிடங்குல, எட்டு சப்ளையர், ஏழு கடைன்னு வால்மார்ட் ஆரம்பிச்சுது. பலன் இல்லாம இல்ல, 2005ல ஆர்கன்சா யுனிவர்சிட்டி 12 டேக் கடையையும் 12 சாதா கடையையும் ஒப்பிட்டு பார்த்து, ஷெல்ஃப் காலியா இருக்கறது 16 சதவீதம் குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. அப்பறம் ஏன் படுத்துச்சுன்னா, டேக் பொட்டில தான் இருந்துச்சு. பொட்டியைப் பிரிச்சு குப்பைல போட்ட நிமிஷத்துல இருந்து கடைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. சப்ளையருங்களும் என்ன பண்ணினாங்கன்னா, லாரி ஏத்தறதுக்கு முன்னால கடைசி நிமிஷத்துல ஒரு ஆளை நிறுத்தி டேக்கை அடிச்சு ஒட்டி அனுப்பிட்டாங்க, தங்கள் கிடங்குல ஒரு தடவை கூட அதைப் படிக்கல, அப்ப அவங்களுக்கு அது வெறும் தண்டச் செலவு தானே. 2008ல வால்மார்ட்டோட சாம்ஸ் கிளப் டேக் இல்லாத பேலட்டுக்கு 2 டாலர் அபராதம்னு ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே 12 சென்ட்டுக்கு இறங்கிட்டாங்க. அமுங்கிப் போச்சுன்னு நீங்க படிச்சது இதைத் தான்.

திரும்ப வந்தது வேற வழியா. 2010ல வால்மார்ட் ஜீன்ஸ், உள்ளாடை, சாக்ஸ்னு ஒவ்வொரு பீசுலயும் டேக் போட ஆரம்பிச்சுது. துணியை ஏன் புடிச்சாங்கன்னு நீங்களே யோசிச்சு பாருங்க, ஒரே சட்டைல அஞ்சு சைஸ், ஆறு கலர், 30 வகை ஆயிருது, கடைல மீடியம் நீலம் இல்லைன்னா கஸ்டமர் போயிருவான், ஆனா கம்ப்யூட்டர் ஸ்டாக் இருக்குன்னு சொல்லிட்டே இருக்கும். சாதாரணமா துணிக்கடைல கம்ப்யூட்டர் சொல்ற ஸ்டாக்ல 65 சதவீதம் தான் நிஜத்தோட ஒத்துப்போகும், பீசுக்கு பீஸ் டேக் வெச்சு வாரா வாரம் எண்ணினா 95க்கு மேல போகும், இந்தக் கணக்கு தான் இங்க எல்லாரையும் மாத்துச்சு. 2020ல துணி எல்லாத்துக்கும்னு ஆச்சு, 2022ல வீட்டுச் சாமான், பொம்மை, எலக்ட்ரானிக்ஸ் வரைக்கும் நீட்டிட்டாங்க. இன்டிடெக்ஸ், டெகாத்லான், யூனிக்ளோ எல்லாரும் உள்ள தான் இருக்காங்க, சென்னைல டெகாத்லான் போனவங்க பாத்திருப்பீங்க, கூடைல இருக்கறதை ஒரு தொட்டில போட்டா பில் தானா வந்துரும், அது இதே சில்லு தான். அதனால ரெண்டு வருஷத்துல விட்டுருவாங்கன்னு பயப்பட வேண்டாம்.


கரூர்_தறி:

எல்லாம் சரிங்க, ஆனா நூல்காரியோட முதலாளி கேட்ட கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லலியே. நாங்க பெட்ஷீட், கிச்சன் டவல் அனுப்பறவங்க. கடைல ஷெல்ஃப் காலியாகாம இருந்தா விக்கறது அவன், லாபம் அவன்து. டேக்குக்கு எங்களுக்கு வந்த கொட்டேஷன்ல பீசுக்கு மூணு ரூபால இருந்து அஞ்சு ரூபா வரைக்கும் ஆகுது, பிரிண்டர் தனி, ரீடர் தனி, ஆள் தனி, விலை மட்டும் போன வருஷ விலையே குடுங்கறான். ஒரு டவல்ல எங்களுக்கு நிக்கறதே எவ்வளவுன்னு தெரிஞ்சா யாரும் இப்படி கேக்க மாட்டாங்க. அவங்க சொல்ற இடத்துல தான் டேக் வாங்கணும், அந்த விலையையும் நாங்க பேச முடியாது. இது அநியாயம்னு நான் நெனைக்கறேன், வெளிப்படையா சொல்லணும். கோஸ்டிங் ஷீட்ல டேக்குன்னு தனி வரி போட்டு காமிங்க, துணி விலைக்குள்ள கலந்துட்டீங்கன்னா அடுத்த சீசன்ல அது காணாமப் போயிரும்.


டல்லாஸ்_தமிழன்:

கரூர் அண்ணா, உங்க கோபம் நியாயமானது, நான் அதை மறுக்கல. பாதுகாப்புத் துறை டேக் செலவை சப்ளையர் தன் விலைல சேத்துக்கலாம்னு விட்டாங்க, கடைக்காரங்க அப்படி விடல, இந்த வித்தியாசம் ஆரம்பத்துல இருந்தே இருக்கு. தனி வரி போடுங்கறது சரியான யோசனை.


ஆன்டெனா:

நூல்காரி சிஸ்டர், அந்த 61க்கும் 46க்கும் வர்றேன், அதுல தான் என் வேலையே இருக்கு, சென்னைல ரீடர் இன்ஸ்டால் பண்ற டீம்ல இருக்கேன்.

ரேடியோ அலைக்கு அட்டைப் பொட்டி ஒரு பொருட்டே இல்ல, துணியும் இல்ல, அதனால நீட்டின பக்கம் ஏழெட்டு மீட்டர் வரைக்கும் எது இருந்தாலும் பதில் சொல்லும். எந்தப் பொட்டிக்குள்ள இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனால தான் 61. மொதல்ல ரீடர் பவரைக் குறைங்க, டெமோக்காரங்க எப்பவும் முழு பவர்ல வெச்சு தான் காட்டுவாங்க, தூரம் நெறைய தெரியறதுக்காக. ரெண்டாவது, எண்ணற இடத்தை பேக்கிங் டேபிள்ல இருந்து பிரிச்சு, மூணு பக்கமும் மேலயும் தகரமோ அலுமினியமோ அடிச்ச ஒரு கூண்டு மாதிரி பண்ணுங்க, பொட்டி அதுக்குள்ள போய் நிக்கணும். உலோகம் அலையை வெளிய விடாது, உள்ளயே திருப்பி அடிக்கறதால ஒளிஞ்சிருக்கற டேக்கும் பதில் சொல்ல வாய்ப்பு அதிகம். ரெடிமேடா விக்கற டனல் மிஷினும் இதே தத்துவம் தான், ஆனா விலை லட்சக்கணக்குல.

46 வந்ததுக்கு காரணம் பெரும்பாலும் உங்க மடிப்பு. எல்லா பீசையும் ஒரே மாதிரி மடிச்சு ஒரே மூலைல ஹேங் டேக் வர்ற மாதிரி அடுக்கினா, சில்லுக்கு மேல சில்லு ஒட்டினாப்ல உக்காரும். டேக்ல இருக்கற ஆன்டெனா ரெண்டு கிட்டக்கிட்ட இருந்தா ஒண்ணோட டியூனிங்கை ஒண்ணு கெடுத்துரும், பேட்டரி இல்லாத டேக்குக்கு ரீடர் அனுப்பற அலைல இருந்து தான் கரன்ட்டே கிடைக்கணும், அது பத்தாம தூங்கிரும். ஒரு பீஸ் இந்தப் பக்கம் டேக், அடுத்தது அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி அடுக்கிப் பாருங்க, அதுவே பாதிப் பிரச்சனையைத் தீர்க்கும். இன்னொண்ணு, ஸ்டீம் அயர்ன் பண்ணின சூட்டோட ஈரம் போகாம பாலிபேக்ல போட்டாலும் ரீடிங் குறையும், தண்ணி இந்த அலையைக் குடிச்சுரும். ஜீன்ஸ்ல பெரிய மெட்டல் பட்டன் பக்கத்துல டேக் வந்தாலும் அதே தொல்லை.

அப்பறம் ஃப்ரீக்வென்சி. நம்ம நாட்டுல இந்த வேலைக்கு விட்டிருக்கறது 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ், உங்க கார் கண்ணாடில இருக்கற ஃபாஸ்டேக் பேசறதும் இதுல தான். அமெரிக்கால 902ல இருந்து 928. ஒரே டேக் ரெண்டுலயும் வேலை செய்யும், ஆனா ஒரே அளவுக்கு செய்யாது. இங்க நல்லா படிச்சது அங்க சுமாரா படிக்கலாம், மாறியும் நடக்கலாம். அதனால தான் பையர் தான் சொல்ற டேக்கையே வாங்கச் சொல்றான், ஆபர்ன் யுனிவர்சிட்டில ஒரு லேப் எந்த டேக் எந்தப் பொருளுக்கு சரிப்படும்னு டெஸ்ட் பண்ணி பட்டியல் போடுது, பெரிய கடைங்க அதைத் தான் பார்க்கறாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கற மாடலை வேற யாராவது குறைஞ்ச விலைக்கு தர்றாங்களான்னு பையர்கிட்ட எழுத்துல கேளுங்க, சில பேர் ஒத்துக்கறாங்க.


செக்கிங்_டேபிள்:

நானும் திருப்பூர் தானுங்க. போன வருஷம் எங்க யூனிட்ல நடந்ததை எழுதறேன், உங்களுக்கு நடக்கக் கூடாது.

சில்லுக்குள்ள இருக்கறது 96 பிட் நம்பருங்க. அதுல கம்பெனி, ஸ்டைல், சைஸ் எல்லாம் பார்கோடுல இருக்கற அதே நம்பரா வரும், கடைசி 38 பிட் மட்டும் அந்த ஒரே ஒரு பீசுக்கு உண்டான சீரியல். பார்கோடுக்கும் இதுக்கும் வித்தியாசமே அந்த சீரியல் தான், அதை வெச்சு தான் ரீடர் ஒரே பீசை நூறு தடவை பார்த்தாலும் ஒண்ணுன்னு எண்ணுது.

நாங்களே பிரிண்டர் வாங்கி டேக் அடிச்சோம். ஒரு நாள் ரிப்பன் மாட்டிக்கிட்டு பாதி ரோல்ல எழுத்து மங்கிப் போச்சு. பிரிண்டர்ல இருந்த தம்பி நல்ல பையன், வேலை நிக்கக் கூடாதுன்னு அதே ஃபைலை முதல்ல இருந்து மறுபடி ஓட விட்டுட்டான். மங்கின டேக்கை கிழிச்சுப் போட்டோம், ஆனா மங்காம நல்லா இருந்த 600 டேக் முன்னாடியே லைனுக்கு போய் பீசுல குத்தியாச்சு. இப்ப 1,200 பீஸ், 600 நம்பர். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, எழுத்தும் பார்கோடும் சரியா இருக்கு. எங்க ஆளுங்க கையால எண்ணி 1,200 பீஸ் பேக் பண்ணி அனுப்பினாங்க, அங்க ரீடர் 600 தான் எண்ணுச்சு. சரக்கு குறையுதுன்னு மெயில் வந்தப்ப நான் செக்கிங் பிள்ளைங்களை சந்தேகப்பட்டுட்டேன், அவங்ககிட்ட கடுமையா பேசிட்டேன், மூணு நாள் கழிச்சு தான் நிஜம் தெரிஞ்சுது, அந்த வருத்தம் இன்னும் இருக்குங்க. டெபிட் நோட்டும் கட்டினோம்.

அதுக்கப்பறம் வெச்ச பழக்கம் இது. எந்த ரோல் எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும்னு ஒரு நோட்டு. டேக் வீணானா அதை வெட்டி நோட்டுல ஒட்டோணும், மாத்து டேக்குக்கு புது நம்பர் தான், பழசை திரும்ப அடிக்கவே கூடாது. ஒவ்வொரு பொட்டியையும் மூடறதுக்கு முன்னால ஒரு தடவை படிச்சு அந்த ஃபைலை சேமிக்கறோம். நீங்க முடிஞ்சா சில்லுல நம்பர் எழுதியே வர்ற டேக்கை வாங்குங்க, காசு கொஞ்சம் கூட, ஆனா நிம்மதி.


ஸ்டோர்_ஹவில்தார்:

செக்கிங்_டேபிள் தம்பி, அந்த நோட்டு தான் பின் கார்டு. கைவிட்டுடாதீங்க.

கேக்காத ஒண்ணும் சொல்லிடறேன். டேக் யார் கேட்டாலும் பதில் சொல்லும், நம்ம ஆளா வேத்தாளான்னு பார்க்காது. அமெரிக்க ராணுவத்துலயும் விமானப்படைலயும் சில யூனிட் ஆயுதக் கிடங்குல துப்பாக்கியை சீக்கிரம் எண்ண அதுக்குள்ள டேக் வெச்சாங்க, 2021ல அசோசியேட்டட் பிரஸ் அதை வெளில கொண்டு வந்தப்ப, எதிரி அந்த டேக்கை வெச்சு சிப்பாய் இருக்கற இடத்தைக் கண்டுபிடிக்கலாம்னு பெரிய சர்ச்சை ஆச்சு, அவங்க மரைன் படை இதை ஏத்துக்கவே இல்லை. வெடிமருந்து பக்கத்துல ரீடர் வெக்கறதுக்கும் தனி பாதுகாப்பு சோதனை உண்டு, அலை பட்டு டெட்டனேட்டர் தூண்டப்படக் கூடாதுன்னு. துணிக்கு இந்தக் கவலை கம்மி. ஆனா ஒரே பொட்டியை யார் யார் எங்க எங்க படிச்சாங்கன்னு பதிவு இருந்தா, நாளைக்கு சரக்கு குறையுதுன்னு சொன்னா உங்க வாசல் வரைக்கும் சரியா இருந்துச்சுன்னு காட்ட உங்ககிட்ட அத்தாட்சி இருக்கும். எனக்கு அன்னைக்கு அப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்த ராத்திரி எல்லாம் தூங்கியிருப்பேன்.


கரூர்_தறி:

ஹவில்தார் ஐயா இப்ப சொன்னது எனக்கு உறைக்குது. வருஷா வருஷம் ஷார்ட்டேஜ்னு பிடிச்சுக்கறாங்க, நம்மகிட்ட மறுத்துப் பேச ஒண்ணும் இருக்கறதில்ல. செலவு அநியாயம்ங்கறதுல நான் மாறல, ஆனா செலவு பண்ணித் தான் ஆகணும்னா அந்த ஃபைலாவது நம்ம கைல இருக்கணும்.


நூல்காரி:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கோணும், ஷிப்மென்ட் நேரம்.

எல்லாரும் எழுதினதை பிரிண்ட் எடுத்து முதலாளிகிட்ட குடுத்தேன். கரூர் அண்ணா சொன்ன மாதிரி டேக்குக்கு தனி வரி போட்டு பையருக்கு அனுப்பியாச்சு, பாதி ஒத்துக்கறோம்னு பதில் வந்திருக்கு, இன்னும் பேசிட்டிருக்கோம். நம்பர் எழுதியே வர்ற டேக் தான் வாங்கறோம்.

ஆன்டெனா அண்ணா, எங்க எலக்ட்ரீசியன் பழைய தகர ஷீட்டை வெச்சு மூணு பக்கம் அடைச்ச கூண்டு பண்ணிக் குடுத்தாரு, ரீடரை வாடகைக்கு எடுத்தோம். மடிப்பை மாத்தி மாத்தி அடுக்கினோம். 20 பொட்டி படிச்சோம். 18 பொட்டில 48க்கு 48. ஒண்ணுல 47 வந்துச்சு, பிரிச்சா ஒரு பீசுல ஹேங் டேக்கே குத்தாம விட்டிருந்துச்சு. இன்னொண்ணுல 48 சரியா வந்துச்சு, ஆனா லிஸ்ட்ல எல் சைஸ் 12, ரீடர் எல் 11, எம் 13னு காட்டுச்சு. செக்கிங் அக்கா நம்பல, கொட்டி எண்ணினாங்க, பாலிபேக் ஸ்டிக்கர்ல எல்னு இருக்கு, உள்ள சட்டை எம். கையால எண்ணியிருந்தா 48 சரின்னு டேப் ஒட்டி அனுப்பியிருப்போம். அக்கா அந்தச் சட்டையை எடுத்துட்டுப் போய் முதலாளி டேபிள்ல வெச்சாங்க. அவரு ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பி பாத்துட்டு, ரீடர் சொந்தமா வாங்க என்ன விலைன்னு கேட்டிருக்காரு.

ஆன்டெனா அண்ணா, எந்த மாடல் எங்களுக்கு போதும்னு சொல்லுங்க.